எழுபத்தொன்றும் இருபத்தொன்பதும்

புது டீச்சராகக் கணக்குப் பாடம் எடுக்க வந்திருக்கிறீர்கள். விஞ்ஞானத்தையும் உங்கள் தலையில்தான் கட்டுவார்கள். எங்கள் காலத்திலும் அப்படித்தான். பாடம் நடத்துவது எப்படி என்று நான் சொல்லப்போவதில்லை. அதையெல்லாம் நீங்கள் படித்துத் தேறித்தான் வந்திருக்கிறீர்கள், அநேகமாக என்னைவிட நல்ல மார்க்கில். நான் செய்த தப்புகளில் இரண்டை மட்டும் சொல்கிறேன். ஒன்று சின்னது, சீக்கிரம் முடிந்துவிடும். மற்றதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

சின்னதை முதலில் முடித்துவிடுவோம். காஞ்சிபுரத்தில் ஒரு பெண்கள் உயர்நிலைப் பள்ளியில் அறுபதுகளின் தொடக்கத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். கரும்பலகைக்கு முன்னால் ஒரு பெண் திணறிக்கொண்டு நின்றால் என்னால் பொறுக்க முடியாது. "இங்க குடு" என்று சாக்பீஸைப் பிடுங்கி, கணக்கை நானே முடித்துவிட்டு, "புரிஞ்சுதா?" என்பேன். புரிந்தது என்று தலையாட்டிவிட்டு இடத்துக்கு ஓடிவிடுவார்கள். என்னைவிடப் பத்து வருஷம் மூத்த விஞ்ஞான ஆசிரியை ஒருவர் இதை ஜன்னல் வழியாகப் பார்த்திருக்கிறார். ஆசிரியர் அறையில் டிபன் டப்பாவைத் திறந்துகொண்டே சொன்னார்.

"நீ சாக்பீஸை வாங்கினதும் அந்தப் பொண்ணு மூஞ்சியப் பாத்தியாமா? கணக்கு தெரிஞ்ச மூஞ்சியா அது? தப்பிச்சோம்டா சாமின்னு இருந்துது."

அன்றிலிருந்து பிள்ளைகள் பலகைக்கு வந்தால் கைகளைப் பின்னால் கட்டிக்கொள்வேன். பார்க்கிறவர்களுக்குக் கம்பீரமாகத் தெரியும். உண்மையில் என் கையை நானே பிடித்து வைத்திருந்தேன், அவ்வளவுதான்.

பெரிய தப்புக்கும் அதே மூத்த ஆசிரியைதான் வழிகாட்டி. அவரைக் குறை சொல்வதாக நினைக்காதீர்கள். எனக்கு அவர் செய்த நல்லதைப் பட்டியல் போட்டால் முடியாது. ஆனால் நம்மை நல்ல வழியில் திருப்பியவர் சொல்கிற அடுத்த யோசனையை நாம் யோசிக்காமல் ஏற்றுக்கொள்கிறோம். நான் அப்படித்தான் ஏற்றுக்கொண்டேன்.

அப்போது பிள்ளையார்பாளையத்தில் ஒரு மாடியில் குடியிருந்தேன். கீழேயும் தறி, எதிரேயும் தறி. அந்தத் தெருக்களில் பெண்களை டியூஷனுக்கு அனுப்பச் சொன்னால் யாரும் மாட்டேன் என்று சொல்ல மாட்டார்கள், அனுப்பவும் மாட்டார்கள். பட்டுப்புடவையில் உடல் ஒரு நிறமும் கரை ஒரு நிறமுமாக நெய்யத் தறியில் இரண்டு பேர் வேண்டும். அந்த இரண்டாவது ஆள் பெரும்பாலும் வீட்டுப் பெண். அமாவாசையன்று மட்டும் தறியில் உட்கார மாட்டார்கள். ஆகவே என் டியூஷன் அமாவாசைக்கு அமாவாசை, காலையிலிருந்து சாயங்காலம் வரை. மற்ற நாட்களில் வேலை முடிந்து யாருக்கு முடிகிறதோ அவர்கள் ஒரு மணி நேரம் வந்து போவார்கள். எனக்கு 'அமாவாசை டீச்சர்' என்று பெயர் வைத்துவிட்டார்கள். கேட்கிறவர்கள் என்ன நினைத்தாலும் சரி, வைத்தவர்கள் அன்பாகத்தான் வைத்தார்கள்.

அந்த வருஷம் மார்ச் எஸ்.எஸ்.எல்.சி. பரீட்சையில் தவறி, செப்டம்பரில் திரும்ப எழுதப் போகிற மூன்று பெண்கள் என்னிடம் வந்தார்கள். அவர்களில் இரண்டு பேர் இந்தக் கதைக்கு வேண்டும். ஒருத்தி சாந்தி. கணக்கில் நாலே மார்க்கில் போனவள், அதைப் பற்றிப் பெரிதாகக் கவலைப்படாதவள். இன்னொருத்தி கஸ்தூரி. அவளுக்குப் பதினேழு வயது. அப்பாவோடு தறியில் உட்காருகிறவள். கணக்கில் இருபத்திரண்டு வாங்கியிருந்தாள். பாஸுக்கு முப்பத்தைந்து வேண்டும்.

கஸ்தூரி மக்கு இல்லை. பள்ளியில் நான் விஞ்ஞானம் எடுக்கும்போது அவளைப் பார்த்திருக்க வேண்டும். அளவுக் குவளையில் தண்ணீர் ஊற்றி அளவைப் படிக்கச் சொன்னால் மற்ற பிள்ளைகள் நின்றபடியே எட்டிப் பார்த்து ஒரு எண்ணைச் சொல்வார்கள். இவள் முட்டி போட்டு, கண்ணைத் தண்ணீர் மட்டத்துக்குக் கொண்டுவந்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு படிப்பாள். கை நடுங்காது. செங்கல்பட்டில் நர்ஸ் டிரெயினிங் சேர வேண்டும் என்பது அவள் ஆசை. அதற்கு எஸ்.எஸ்.எல்.சி. பாஸ் வேண்டும். கணக்கு என்று வந்துவிட்டால் மட்டும் வேறு ஆளாகிவிடுவாள். எழுதுவாள், அதையே முறைத்துப் பார்ப்பாள், பிறகு குறுக்கே கோடு போட்டு அடிப்பாள். சரியாக எழுதியதையும் அடிப்பாள். விடைத்தாள் முழுக்கக் கோடாக இருக்கும்.

அவள் அப்பா முதல் நாளே வந்து என்னிடம் தெளிவாகப் பேசிவிட்டார். அதிகம் பேசாத மனிதர்; பேசினால் மாற்றிப் பேச மாட்டார்.

"டீச்சர், இந்த ஒரு வாட்டிதான். பாஸாயிட்டா நானே கூட்டிக்கினு போய் செங்கல்பட்டுல சேத்துட்டு வரேன். போச்சுன்னா இன்னொரு வாட்டின்னு கேக்கக்கூடாது. அவளும் என்கூட தறியிலயே உக்காந்துடுவா. ரெண்டுல ஒண்ணு, தெரிஞ்சுடணும்."

பக்கத்தில் நின்ற கஸ்தூரி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நான் மூத்த ஆசிரியையிடம் யோசனை கேட்டேன். "அவளுக்குக் கணக்கு வரும். தனக்கு வரும்னு அவளுக்கு நம்பிக்கைதான் வரலை" என்றேன். அவர் சிரித்தார். "அதுக்கு ஒரு வழி இருக்குது. அவளுக்குன்னு தனியா ஒரு பேப்பர் போடு. பாக்கறதுக்குப் பெரிய கணக்கு மாதிரி இருக்கணும், உள்ள சுலபமா இருக்கணும். மார்க்கு கொஞ்சம் தாராளமா போடு. ரெண்டு வாட்டி நல்ல மார்க்கு பாத்தா பொண்ணு நிமிந்துடுவா. நான் எத்தனை பேரை இப்படித் தேத்தியிருக்கேன் தெரியுமா?"

எனக்கு இது ரொம்பப் பிடித்துப்போயிற்று. கேள்வித்தாளைக் கையால் எழுதித்தான் கொடுப்போம். காப்பி அடிக்கக்கூடாது, அதனால் ஆளுக்கொரு தாள் என்று மூன்று பேரிடமும் சொல்லிவிட்டேன். சந்தேகமே வராது. கஸ்தூரியின் தாளில் உருளையின் ஆரம் எப்போதும் ஏழு, மிஞ்சிப்போனால் பதினாலு. கணக்கு எடுப்பவர்களுக்கு ஏன் என்று சொல்ல வேண்டியதில்லை. இருபத்திரண்டின் கீழ் ஏழோடு பெருக்கும்போது ஏழுக்கு ஏழு அடிபட்டு, முழு எண்ணாக வந்து நிற்கும். மிச்சமே வராது. காரணிப்படுத்தச் சொன்னால் பார்த்ததும் பிரிந்துவிடும். படிகளில் பிசகினால் நான் கண்ணை மூடிக்கொண்டு பாதி மார்க் போடுவேன்.

வைகாசி அமாவாசைக்கு நாற்பது. ஆனி அமாவாசைக்கு ஐம்பத்தெட்டு. ஆடி அமாவாசைக்கு எழுபத்தொன்று. பெண் நிமிர்ந்துவிட்டாள். அடித்தல் திருத்தல் இல்லாத தாள். கொண்டுபோய் அப்பாவிடம் காட்டினாள். அவர் அதைத் தறிக் கம்பத்தில் பசை போட்டு ஒட்டிவிட்டார் என்று கேள்விப்பட்டேன். அந்த வாரம் முழுக்க நான் தரையில் நடக்கவில்லை. மூத்த ஆசிரியையிடம் போய் நன்றிகூடச் சொன்னேன்.

எழுபத்தொன்று வாங்கியவள் சும்மா இருப்பாளா? நாற்பத்து நாலு வாங்கிய சாந்திக்குச் சொல்லிக்கொடுக்கப் போயிருக்கிறாள். சாந்தியின் கேள்வித்தாளை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தால், முதல் கணக்கு நகரவில்லை. இரண்டாவதும் நகரவில்லை. சாந்தி விளையாட்டாகக் கஸ்தூரியின் கேள்வித்தாளை வாங்கிப் போட்டுப் பார்த்திருக்கிறாள். மறுநாள் சாயங்காலம் கஸ்தூரி தனியாக என் மாடிக்கு வந்தாள். செருப்பைக்கூடக் கழற்றவில்லை, படியிலேயே நின்றாள்.

"டீச்சர், சாந்தி என் பேப்பர அரை மணி நேரத்துல முடிச்சுட்டா. ஒண்ணுகூட வுடல."

"அதுக்கு என்ன இப்ப?"

"அவ பேப்பர்ல எனக்கு ரெண்டு கணக்குதான் வந்துது."

இந்த இடத்தில்தான் உங்களுக்குச் சொல்ல வேண்டியது இருக்கிறது. அந்தப் பெண் எனக்கு ஒரு வாய்ப்புக் கொடுத்தாள். நேராகக் கேட்காமல், கேட்கிற மாதிரி வந்து நின்றாள். நான் என்ன செய்தேன் தெரியுமா? சிரித்தேன். "வெயில்ல போட்டிருப்ப, தலை சுத்தியிருக்கும். எழுபத்தொண்ணு வாங்கினவ இப்படிக் கண்டதையும் யோசிக்கலாமா? போய்ப் படி" என்றேன். அவள் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். அளவுக் குவளையைப் பார்ப்பாளே, அதே பார்வை. பிறகு சரி டீச்சர் என்று இறங்கிப் போனாள். அதன்பிறகு அவள் டியூஷனுக்கு வரவில்லை.

முதலில் வேலை அதிகமாக இருக்கும் என்று என்னை நானே சமாதானம் செய்துகொண்டேன். ஆவணி அமாவாசை வந்தது. பரீட்சைக்கு முன்னால் அதுதான் கடைசி அமாவாசை; இன்னும் பதினெட்டு நாள்தான். அன்றைக்குத் தறி ஓடாது, வேலை என்று சொல்ல முடியாது. சாந்தி வந்தாள், மற்றொரு பெண் வந்தாள், கஸ்தூரி வரவில்லை. மதியம் அவர்களுக்கு ஒரு பயிற்சியைக் கொடுத்துவிட்டு, மூத்த ஆசிரியையின் வீட்டுக்கு ஓடினேன்.

"இப்பப் போய் உண்மையைச் சொல்லி வைக்காதேமா" என்றார் அவர். "பதினெட்டு நாள்ல பரீட்சை. இப்ப சொன்னா நொறுங்கிடுவா. ஏதாச்சும் சொல்லிக் கூட்டிக்கினு வா. பரீட்சை முடியட்டும், அப்பால பாத்துக்கலாம்."

அவர் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. நீங்களும் அந்த இடத்தில் இருந்தால் அப்படித்தான் நினைப்பீர்கள். நான் கஸ்தூரியின் வீட்டுக்குப் போனபோது அவளிடம் சொல்ல இரண்டு பொய்களைத் தயாராகத்தான் வைத்திருந்தேன். பையில் சாந்தியின் கேள்வித்தாள்கள் கிடந்தன, அவற்றை வெளியே எடுத்து வைக்க மறந்திருந்தேன்.

வீட்டில் தறி மேல் துணி போர்த்தியிருந்தது. தறிக் கம்பத்தில் என் கையெழுத்தில், சிவப்பு மையில், சுழித்துச் சுழித்து எழுபத்தொன்று. கஸ்தூரியின் அப்பா எழுந்து பாயை உதறிப் போட்டார்.

"வாங்க டீச்சர். தலவலின்னு சொல்லிக்கினு இருக்குது. இவ்ளோ மார்க்கு வாங்கிட்டு இப்ப இன்னாத்துக்குத் தலவலின்னு எனக்குப் புரியல. நாலு பேருகிட்ட சொல்லி வெச்சிருக்கேன், செங்கல்பட்டுல போய் விசாரிச்சும் வந்துட்டேன்."

கஸ்தூரி சமையல் கட்டிலிருந்து வந்து சுவரோரமாக நின்றாள். நான் முதல் பொய்யைத் தொடங்குவதற்குள் அவள் கேட்டுவிட்டாள்.

"என் நிஜ மார்க்கு எவ்ளோ டீச்சர்?"

அப்பா அவளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். எனக்கு இன்றைக்கும் தெரியாது, ஏன் அந்தப் பொய்கள் வாயில் வரவில்லை என்று. தைரியம் என்று சொல்லிக்கொள்ள மாட்டேன். ஒருவேளை அந்தத் தாள் கம்பத்தில் ஒட்டியிருந்ததால் இருக்கலாம். "எனக்கே தெரியாதும்மா" என்றேன். "உனக்கு நான் நிஜப் பேப்பர் குடுத்ததே இல்லை. சுலபமா போட்டுக் குடுத்தேன். மார்க்கும் ஏத்திப் போட்டேன். உனக்கு நம்பிக்கை வரட்டும்னு செஞ்சேன். அன்னைக்கு நீ வந்து கேட்டப்பவும் பொய்தான் சொன்னேன்."

அப்பாதான் பேசினார், கத்தவில்லை.

"அவள ஏமாத்தினீங்களா டீச்சர், என்ன ஏமாத்தினீங்களா?"

"ரெண்டு பேரையும்தான்."

அவர் கோபத்தில் என்னை வெளியே போகச் சொல்லியிருந்தால்கூட எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். கஸ்தூரி என் பையைப் பார்த்தாள். "சாந்தி பேப்பர் இருக்குதா?" என்றாள். அன்று காலையில்தான் சாந்திக்காக எழுதிய புதிய தாள் ஒன்று இருந்தது. எடுத்துக் கொடுத்தேன். அவள் தரையில் உட்கார்ந்து பலகையை மடியில் வைத்துக்கொண்டாள்.

நான் கொஞ்சம் கிட்டத்தில் உட்காரப் போனேன். "நீங்க இந்தப் பக்கம் வந்துடுங்க டீச்சர்" என்று அப்பா வாசற்படியைக் காட்டினார். அப்புறம் இரண்டரை மணி நேரம் பரீட்சைக் கண்காணிப்பாளர் அவர்தான். அவள் எழுதுவதை அவர் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். நடுவில் அவள் அம்மா எனக்கு மோர் கொண்டுவந்து வைத்தார். அதைக் குடிக்கும்போதும் அவர் கண் என் மேலேயே இருந்தது. பிற்பாடு எத்தனையோ பரீட்சை மண்டபங்களைப் பார்த்துவிட்டேன், அவ்வளவு கறாரான கண்காணிப்பைப் பார்த்ததில்லை.

திருத்தும்போது அவர் என் தோளுக்குப் பின்னால் நின்றார். நான் போட வேண்டியதைப் போட்டேன், ஒரு மார்க் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. கூட்டிப் பார்த்தால் இருபத்தொன்பது.

ஒரு கணக்கு என்னை உறுத்தியது. உருளையின் கன அளவு. ஆரம் ஐந்து, உயரம் நாலு. முந்நூற்றுப் பதினாலும், மேலே ஏழில் இரண்டு பங்கும் என்று முழுக்கச் சரியாகப் போட்டு, பிறகு குறுக்கே இரண்டு கோடு இழுத்திருந்தாள்.

"இதை ஏன்மா அடிச்ச? இது சரி."

"ஏழுல ரெண்டுன்னு பின்னம் வந்துதே டீச்சர். நீங்க குடுத்த கணக்குல ஒரு நாளும் அப்படி வந்ததே இல்லியே. அதான் தப்புன்னு நெனச்சேன்."

அடித்தது அவள் கைதான்; அடிக்கக் கற்றுக்கொடுத்தது நான். மூன்று மாதம் வழவழவென்று முழு எண்ணாக விடை வரும் கணக்குகளைக் கொடுத்து, விடை கரடுமுரடாக வந்தால் அது தப்பு என்று அவளுக்குப் பழக்கிவிட்டிருக்கிறேன். பரீட்சைக்கு இந்த மாதிரிப் போயிருந்தால் சரியான விடைகளாகத் தேடித் தேடி அடித்துவிட்டு வந்திருப்பாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. பிள்ளைகள் முன்னால் அழக்கூடாது என்று படிக்கிறோம். அன்றைக்கு அழுதேன், மூக்கைச் சிந்திக்கொண்டு அந்தக் கணக்குக்கு ஐந்து மார்க் போடப் போனேன்.

"அடிச்சதுக்கு மார்க்கு உண்டா டீச்சர்?" என்றார் அப்பா.

"பரீட்சையில கிடையாது."

"அப்ப போடாதீங்க."

ஆக இருபத்தொன்பதேதான். நான் கஸ்தூரியின் முகத்தைப் பார்க்கப் பயந்தேன். நொறுங்கிவிடுவாள் என்று மூத்த ஆசிரியை சொன்னது காதில் இருந்தது. அவள் தாளை வாங்கி, என் கூட்டலை ஒரு தடவை தானே கூட்டிப் பார்த்தாள்.

"ஆறுதான டீச்சர் வேணும்?"

ஆறா, எதுக்கு என்று கேட்டேன்.

"முப்பத்தஞ்சுக்கு ஆறுதான கொறையுது. இத நான் அடிக்காம இருந்திருந்தா அஞ்சு வந்திருக்கும். அப்பால ஒண்ணுதான்." அவள் குரலில் அந்த மூன்று மாதத்தில் நான் கேட்காத ஒன்று இருந்தது. எழுபத்தொன்று வாங்கியபோது அவள் சந்தோஷப்பட்டாள். ஆனால் அது எங்கிருந்து வந்தது என்று அவளுக்குத் தெரியாது. தெரியாததால் எப்போது போய்விடுமோ என்று பயமும் இருந்திருக்கிறது. இந்த இருபத்தொன்பதில் ஒவ்வொரு மார்க்கும் எந்தக் கணக்கிலிருந்து வந்தது என்று அவளால் விரல் வைத்துக் காட்ட முடியும்.

அவள் அப்பா உள்ளே போய்ச் சில்லறைப் பட்டு நூல்களை ஒரு கொத்தாகக் கொண்டுவந்து அவள் மடியில் போட்டார். அந்த வீட்டில் ஒரு வழக்கம் உண்டாம். நெய்யும்போது பிசகு விழுந்தது தெரிந்தால், அந்த இடத்தில் ஓரத்தில் வேறு நிறத்தில் ஒரு நூலைக் கட்டிவிடுவாராம். "நெய்ய நெய்ய துணி கட்டையில சுத்திக்கினே போயிடும் டீச்சர். அடையாளம் இல்லாட்டி, எங்க தப்பு வுழுந்துதுன்னு அப்பால தேடிக்கினு இருக்கணும்" என்றார். கஸ்தூரிக்கு விளக்கமே தேவைப்படவில்லை. தப்பு இருந்த ஒவ்வொரு இடத்துக்கும் நேராகத் தாளின் ஓரத்தில் ஊசியால் ஓட்டை போட்டு ஒரு நூலைக் கட்டினாள். பதினாலு நூல். பெரிய தேற்றங்களுக்குப் பச்சை, கூட்டல் கழித்தல் பிசகுக்கு மஞ்சள், சரியானதை அடித்ததற்குச் சிவப்பு.

நூலை எப்போது அவிழ்ப்பது என்றும் அவளே விதி வைத்தாள். அதே மாதிரிக் கணக்கை மூன்று தடவை, யார் துணையும் இல்லாமல், சரியாகப் போட்டால் அவிழ்க்கலாம். ஒரு தடவை தப்பினால் திரும்ப முதலிலிருந்து. அந்தப் பதினெட்டு நாளும் அவள் அப்பா மத்தியான வேளையில் அவளைத் தறியிலிருந்து எழுப்பி என்னிடம் அனுப்பினார், கரைக்கு அவள் அம்மா உட்கார்ந்தார். நான் செய்ததெல்லாம் ஆரம் ஐந்தும் ஒன்பதும் பதினொன்றுமாகக் கணக்கு எழுதிக் கொடுத்துவிட்டு, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றதுதான். அவள் திணறுவாள். நான் பல்லைக் கடிப்பேன். பரீட்சைக்கு முதல் நாள் எண்ணிப் பார்த்தோம். ஒன்பது நூல் போய், ஐந்து மிச்சம்.

"இந்த அஞ்சையும் தொடப்போறதில்ல டீச்சர்" என்றாள். "தெரியாததுல கைய வெச்சா தெரிஞ்சதுக்கு நேரம் பத்தாது."

கணக்குப் பரீட்சையன்று மத்தியானம் பரீட்சை நடந்த பள்ளியின் வெளிவாசலில் அவள் அப்பா சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றார். நானும் பள்ளிக்கு அரை நாள் லீவு போட்டுவிட்டு நின்றேன். அவர் அன்றைக்கும் என்னோடு அதிகம் பேசவில்லை. பிள்ளைகள் கூட்டமாக வந்தார்கள், யாரைக் கேட்டாலும் நன்றாக எழுதியிருக்கிறேன் என்றார்கள். கஸ்தூரி மெதுவாக, உதட்டை அசைத்து எதையோ எண்ணிக்கொண்டு வந்தாள்.

"பாஸாயிடுவியாம்மா?" என்றார் அப்பா.

"முப்பத்தெட்டு" என்றாள்.

பத்திரிகையில் அவள் நம்பர் வந்தது. அவளும் அம்மாவும் கோயிலுக்குப் போனார்கள், நான் வீட்டிலேயே இருந்து இன்னொரு தடவை அழுதேன். பிறகு மார்க் பதிந்த எஸ்.எஸ்.எல்.சி. புத்தகம் வந்தபோது அதைத் தூக்கிக்கொண்டு மாடிப்படியில் தடதடவென்று ஏறி வந்தாள். கணக்குக்கு நேராக முப்பத்தேழு என்று இருந்தது. நான் கட்டிப்பிடிக்கப் போனேன். அவள் என்னைத் தள்ளி நிறுத்தி, அந்த எண்ணில் விரலை வைத்தாள்.

"ஒரு மார்க்கு எங்க போச்சு டீச்சர்?"

உண்மையான கோபம். தன் விடைத்தாளையே பார்க்கப் பயந்த பெண், அந்த ஒரு மார்க்குக்காக யாரிடம் எழுதிக் கேட்கலாம் என்று என்னிடம் சண்டை பிடித்தாள். அரை மணி நேரம் ஆயிற்று அவளைச் சமாதானப்படுத்த.

செங்கல்பட்டுக்குப் போவதற்கு முதல் நாள் அப்பாவும் பெண்ணும் சொல்லிக்கொண்டு போக வந்தார்கள். அப்பா ஒரு சீப்பு வாழைப்பழத்தை என் மேஜையில் வைத்துவிட்டு, "வரோம் டீச்சர்" என்றார். அவர் என்னை மன்னித்துவிட்டார் என்று அப்போதுதான் தெரிந்தது. கஸ்தூரி ஒரு தாளை மடித்துக் கையில் வைத்திருந்தாள். தறிக் கம்பத்திலிருந்து தண்ணீர் தொட்டுப் பிய்த்தெடுத்த தாள். பின்பக்கம் பசை காய்ந்து கிடந்தது. நான் போட்ட எழுபத்தொன்றுக்கு நேராக ஓரத்தில் ஓட்டை போட்டு ஒரு நூல் கட்டியிருந்தாள், சிவப்பு நூல்.

"இந்தத் தப்பு என்னுது இல்ல டீச்சர், உங்களுது. நான் அவுக்கக்கூடாது."

வாங்கிக்கொண்டேன். "எப்ப அவுக்கலாம்?" என்று கேட்டேன், பாதி வேடிக்கையாகத்தான்.

அவள் வேடிக்கையாக எடுத்துக்கொள்ளவில்லை. "அதே விதிதான் டீச்சர். மூணு வாட்டி, யார் துணையும் இல்லாம, சரியா செஞ்சா அவுத்துடலாம்."

அந்தத் தாளை என் மேஜை இழுப்பறையில், மார்க் போடும் சிவப்புப் பேனாவுக்குப் பக்கத்தில் வைத்தேன். அடுத்த வருஷமே ஒரு பெண் வந்தாள், பயந்த பெண். அவளுடைய நிஜ மார்க்கை அவளிடம் சொன்னேன். பதினெட்டு. சொல்லிவிட்டு அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை. அதற்கடுத்த வருஷம் இன்னொருத்தி; அவள் முகத்தைப் பார்த்து மனசு தாங்காமல் நாலு மார்க் கூட்டிப் போட்டுவிட்டேன். விதி விதிதான், திரும்ப முதலிலிருந்து எண்ணினேன்.

நூலை அவிழ்க்க எனக்கு ஆறு வருஷம் ஆயிற்று.